கொஞ்சம் கசியற மாதிரி ஒரு ஹெட்போன்

முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் கூட்டினால் எவ்வளவு வரும் என்று போனில் நடக்கும் வகுப்பில் கணக்கு மாஸ்டர் கேட்டார். ஸ்டிக்கர் அக்கா வாயைத் திறப்பதற்குள் அவள் வீட்டிலிருந்து நான்கு பதில்கள் போய்ச் சேர்ந்துவிட்டன. மேல் வீட்டில் குளியலறைச் சுவரைக் குடைந்துகொண்டிருந்த டிரில்லிங் மெஷின் ஒரு பதில் சொன்னது. கீழ் வீட்டுக் கதவு படாரென்று ஒன்று சொன்னது. சமையலறையில் ஒரு மூடி உருண்டு விழுந்து தன் பங்குக்குச் சொன்னது. நான்காவது மட்டும் மனிதக் குரலில் இருந்தது.

“முன்னூத்தி அறுபது.”

வகுப்பில் இருந்த நாற்பது பேரும் கேட்டார்கள். மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“பதினாலாம் நம்பர், முக்கோணத்துக்கு நூத்தி எண்பதுதான். உங்க வீட்ல யாரோ ரெண்டு முக்கோணம் வெச்சிருக்காங்க போல.”

ஸ்டிக்கர் அக்கா திரும்பிப் பார்த்தாள். அவள் கணவர் ஒரு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக்கொண்டு அதன் காலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“எங்க காலத்துல முன்னூத்தி அறுபதா இருந்துச்சு,” என்றார், நிமிராமல். “இப்ப குறைச்சுட்டாங்க போல.”

ஸ்டிக்கர் அக்கா என்பது அவள் வேலை பார்க்கும் பிஸ்கட் தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர். பதினோரு வருடமாகப் பெட்டிகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டுகிறாள். ஒரு ஸ்டிக்கர் நூல் அளவு சாய்ந்திருந்தாலும் பத்தடி தள்ளி நின்றே சொல்லிவிடுவாள். அந்தப் பிரிவின் சூப்பர்வைசர் ஓய்வு பெறப்போகிறார். அந்த நாற்காலி உனக்குத்தான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். ஆனால் பள்ளி இறுதித் தேர்வுச் சான்றிதழ் இல்லாமல் தலைமை அலுவலகம் ஒப்புக்கொள்ளாதாம். இந்தத் தேர்வு முடிவு வரும்வரை இடத்தைக் காலியாக வைத்திருக்கிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றும் சொல்லியிருந்தார். அவளோ ஒன்பதாம் வகுப்போடு புத்தகத்தை மூடியவள்.

கணவர் அப்படியில்லை. அவர் படித்தவர். கல்யாணப் பேச்சு நடந்தபோதே, பையன் பள்ளிப் படிப்பை முழுசாக முடித்தவன் என்று அவருடைய அத்தை மூன்று தடவை சொன்னாள். ரொட்டி வேன் ஓட்டுகிறார். விடியுமுன் கிளம்பினால் மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். வீட்டுக்கு வரும் கடிதம், நிரப்ப வேண்டிய படிவம், மருந்து பாட்டிலில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்து எல்லாம் அவர் கைக்குத்தான் போகும்.

அப்படிப்பட்டவரிடம் இந்த வயதில் பரீட்சை எழுதப் போகிறேன் என்று சொல்ல அவளுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் சொன்னதும் அவளைவிட அவர்தான் துள்ளிக் குதித்தார். அவரே மேசையைத் துடைத்தார். சர்க்கரை டப்பாவில் சாய்த்துப் போனை நிறுத்தி வைத்தார். வாரத்தில் மூன்று நாள் மாலை ஐந்து மணிக்குக் கணக்கு வகுப்பு. யாருக்கு இப்படி ஒரு புருஷன் கிடைப்பார் என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

அந்த நெகிழ்ச்சி ஒரு வாரம்தான் நின்றது. வகுப்பு நேரம் பார்த்துத்தான் அந்த மனுஷனுக்கு அந்த அறையில் வேலை வரும். ஒரு நாள் செருப்புக்கு பாலிஷ் போடுவார். ஒரு நாள் டப்பாவில் இருக்கும் ஆணிகளை உயரம் பார்த்துப் பிரிப்பார். அப்புறம் நாற்காலிக்கு வந்தார். நாற்காலிக்கு நாலு கால்தான் என்பது ஒன்றே அவளுக்கு ஆறுதல்.

மாஸ்டர் கண்டிப்பானவர். நம்பர் சொல்லிக் கூப்பிட்டு இரண்டு முறை பதில் வராவிட்டால் அன்றைக்கு வருகை கிடையாது. வருகை குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. அன்று வகுப்பு முடியும்போது, உங்கள் குரலைத் தவிர உங்கள் தெருவில் இருக்கும் எல்லாச் சத்தமும் எனக்குக் கேட்கிறது, மைக் வைத்த ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லாததே போதும் என்று அவளுக்குச் சொன்னார்.

கணவருக்கு அந்த யோசனை பிடிக்கவேயில்லை. காது கெட்டுப்போகும் என்றார். தலைவலி வரும் என்றார். படிப்பு என்பது நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சத்தமாக நடந்தால்தான் மண்டையில் ஏறும் என்று ஒரு புதுத் தத்துவமும் சொன்னார்.

அவள் கேட்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து வரும் வழியில் நடைபாதைக் கடையில் ஒரு சாதாரண இயர்போன் வாங்கிக்கொண்டு வந்தாள். வெளிச் சத்தம் ஒன்றையும் அது தடுக்கவில்லை. மைக் வயரின் நடுவில் தொங்கியது. அவள் மாற்றிக்கொள்ள நேரமில்லாமல் போட்டிருந்த தொழிற்சாலைக் கோட்டின் பொத்தானில் அது உரசி உரசி, மாஸ்டர் காதில் யாரோ தேங்காய் துருவுகிற மாதிரி கேட்டதாம். ஒரு கையால் மைக்கை வாயருகில் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினாள். நோட்டைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை.

அப்போதுதான் கணவர் உதவிக்கு வந்தார். “ஒரு காதுக்கானதை இங்க குடு. சத்தம் சரியா வருதான்னு பாத்துச் சொல்றேன்.”

ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்வார் என்று கொடுத்தாள். ஒரு மணி நேரம் பார்த்தார். ஒரே வயரில் இரண்டு தலைகளும் கட்டப்பட்டு, ஒருவர் தும்மினால் இருவரும் குனிய வேண்டியிருந்தது. வகுப்பு முடியும் தறுவாயில் யாரோ கதவைத் தட்ட, அவர் காதில் இருப்பதை மறந்து சட்டென்று எழுந்தார். வயர் அறுந்தது. போன் சர்க்கரை டப்பாவோடு சேர்ந்து தரையில் விழுந்தது.

“நான் அப்பவே சொன்னேன்ல, ஸ்பீக்கர்தான் நல்லதுன்னு,” என்றார், சர்க்கரையை அள்ளியபடி.

சனிக்கிழமை இருவரும் ஒரு சரியான கடைக்குப் போனார்கள். கடையில் இருந்த பெண் விஷயம் தெரிந்தவள். சத்தத்தைத் தடுப்பதில் இரண்டு வகை உண்டு என்றாள். ஒன்று பேட்டரி போட்டு, வெளிச் சத்தத்துக்கு எதிர்ச் சத்தம் உண்டாக்கி அமுக்குவது. அது விலை கூட. இன்னொன்று, மெத்தை மாதிரி பஞ்சு வைத்துக் காதை முழுசாக மூடிவிடுவது. படிக்கிறவர்களுக்கு அதுவே தாராளம். மைக் வயரில் தொங்கக் கூடாது, வாய்க்கு நேராக வளைத்து வைக்கிற தண்டில் இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கடையிலேயே நடந்து பாருங்கள், நெற்றிப்பொட்டு வலித்தால் அது உங்களுக்கானது இல்லை என்றாள். ஸ்டிக்கர் அக்கா கறுப்பு நிறத்தில் ஒன்றை மாட்டிக்கொண்டு நடந்தாள். கடையின் மின்விசிறிக்குக் கீழே நின்று தன் குரலைப் பதிவு செய்து கேட்டாள். விசிறிச் சத்தம் இல்லை. தன் குரல் இவ்வளவு நன்றாக இருக்குமென்று அவளுக்கே அன்றுதான் தெரிந்தது.

கணவர் கடைப்பெண்ணைத் தனியாக ஓரம் கட்டினார்.

“இதுலயே, சத்தம் வெளிய கொஞ்சம் கசியற மாதிரி ஏதாவது இருக்கா?”

கடைப்பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “கசியாததுதான் சார் எல்லாரும் கேப்பாங்க.”

“இல்லம்மா, கொஞ்சம் கசிஞ்சா நல்லது. உள்ள ஒரு ஆள் உயிரோட இருக்காளான்னு வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியணும்ல.”

கசிகிற ஹெட்போன் அந்தக் கடையில் இல்லை. கறுப்பையே வாங்கினார்கள். பஸ்ஸில் வரும்போது அவர் முகம், ரொட்டி விற்காமல் திரும்பி வந்த நாளில் இருப்பதுபோல இருந்தது.

திங்கட்கிழமை நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து அதை மாட்டிக்கொண்டதும் உலகமே கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. டிரில்லிங் மெஷின் இல்லை, கதவு இல்லை, கணவரும் இல்லை. மாஸ்டர் குரல் மட்டும் தலைக்குள் மணி மாதிரி ஒலித்தது. ஒரு தொட்டியை ஒரு குழாய் நான்கு மணி நேரத்திலும் இன்னொரு குழாய் ஆறு மணி நேரத்திலும் நிரப்பும், இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். அவள் நோட்டில் போட்டாள், அடித்தாள், மறுபடி போட்டாள். விடை வந்தது. பதினோரு வருடத்தில் ஒரு ஸ்டிக்கர்கூட அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை.

“ரெண்டு மணி இருபத்து நாலு நிமிஷம்,” என்றாள்.

மாஸ்டர் சரி என்று சொன்ன அதே நொடியில் யாரோ அவள் தோளைத் தொட்டார்கள். கீழ் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். தலை நனைந்திருந்தது. ஸ்டிக்கர் அக்கா ஹெட்போனைக் கழற்றினாள். குளியலறையில் அவள் வாளிக்குத் திறந்துவிட்டு மறந்த குழாய் கொட்டுகிற சத்தம் அப்போதுதான் கேட்டது. தண்ணீர் கூடம் வரை வந்து, கூரை வழியாகக் கீழ் வீட்டுக்கும் ஒழுகியிருந்தது.

கணவர் அவள் நாற்காலிக்குப் பின்னாலேயே, கணுக்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

“பக்கத்துலதானே நின்னீங்க. குழாயை மூடக் கூடாதா?”

“ஏதோ யோசனையில இருந்துட்டேன்,” என்றார் அவர்.

வீட்டைத் துடைத்து முடித்ததும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். துணி காயப்போடும் கயிற்றின் ஒரு முனையை அவள் இடது மணிக்கட்டில் கட்டினார். மறுமுனை அவர் கையில். ஒரு தடவை இழுத்தால் வாசலில் ஆள், இரண்டு தடவை இழுத்தால் குழாய், மூன்று தடவை இழுத்தால் அடுப்பு. பிசிறில்லாத திட்டம் என்றுதான் அவளுக்கும் தோன்றியது.

புதன்கிழமை வகுப்பில் ஒரு தடவை இழுத்தார். வாசலுக்குப் போய்ப் பார்த்தாள், யாருமில்லை. சற்று நேரத்தில் இரண்டு தடவை இழுத்தார். குழாய் மூடித்தான் இருந்தது. மூன்று தடவை இழுத்தபோது அடுப்பங்கரைக்கு ஓடினாள். அடுப்பில் ஒன்றுமே இல்லை. ஹெட்போனைக் கழற்றி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“என்ன?”

“ஒண்ணுமில்ல,” என்றார் அவர். “மாஸ்டர் இப்ப என்ன சொன்னார்?”

“உங்களுக்கு எதுக்கு?”

“சரியாச் சொல்லித் தர்றாரான்னு பாக்க வேண்டாமா? படிச்சவன் ஒருத்தன் வீட்ல இருக்கேன்ல.”

அவள் திரும்பி வந்து உட்காருவதற்குள் மாஸ்டர் பதினாலாம் நம்பரை இரண்டு முறை கூப்பிட்டு முடித்திருந்தார். அன்றைக்கு வருகை போனது. இன்னொரு நாள் போனால் ஹால் டிக்கெட் சந்தேகம்தான் என்று வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் பார்க்க எழுதினார். கயிற்றை அவிழ்த்துக் கொடியிலேயே கட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஹெட்போனையே காணோம். மேசை, அலமாரி, கட்டிலுக்கு அடியில் எல்லாம் தேடிவிட்டுக் கடைசியில் வாசலில் நின்ற வேனுக்குள் பார்த்தாள். காலி ரொட்டித் தட்டுகளின் மேல் அது இருந்தது. பஞ்சு முழுக்க ரொட்டி வாசனை. வண்டியை ஓரமாக நிறுத்திவைத்து, சாலைச் சத்தத்தை எவ்வளவு தடுக்கிறது என்று சோதித்துப் பார்த்தேன், நம்மை ஏமாற்றிவிடக் கூடாதில்லையா என்று கணவர் விளக்கம் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழ் வீட்டுக்காரிக்குத் தண்ணீர் விஷயத்தில் கோபம் தீர்ந்துவிட்டிருந்தது. அவள் மாடிப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னாள். பெண்டாட்டி சூப்பர்வைசர் ஆகிவிடுவாளோ என்று வேன்காரருக்கு வயிற்றெரிச்சல்.

ஸ்டிக்கர் அக்கா அதை நம்ப மாட்டேன் என்றுதான் மேலே வந்தாள். ஆனால் ஆணி, கயிறு, வேன் என்று ஒவ்வொன்றாக யோசிக்க யோசிக்க மனசு கனத்தது. கேட்டே விட்டாள்.

“நான் பாஸ் பண்றது உங்களுக்குப் பிடிக்கலையா?”

அவர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். இப்படி ஒரு கேள்வியை அவர் எதிர்பார்க்கவே இல்லை என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

“நீ பாஸ் பண்ணணும். நீ மட்டும் கணக்குல பாஸ் பண்ணிட்டேன்னா...” என்று தொடங்கி, முடிக்காமல், வேனைக் கழுவ வேண்டும் என்று எழுந்து போய்விட்டார். வேனைக் காலையில்தான் கழுவியிருந்தார்.

தேர்வுக்கு முன்னால் ஒரு வாய்மொழித் தேர்வு உண்டு. மாஸ்டர் ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கேள்வி கேட்பார். பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. அன்றைக்குக் கணவர் மகா நல்லவராக இருந்தார். அவரே மேல் வீட்டுக்குப் போய் டிரில்லிங் மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். ஒரு பேச்சும் பேசாமல் வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

ஸ்டிக்கர் அக்கா படபடப்பில் ஹெட்போன் வயரின் முனையைப் போனில் பாதிதான் செருகியிருந்தாள். மாஸ்டர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்டது. சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஸ்பீக்கர் முழுத் தொண்டையில் கத்திக்கொண்டிருப்பது, காதை மூடியிருந்த அவளுக்குத் தெரியவில்லை. கட்டடத்தில் மற்ற எல்லோருக்கும் தெரிந்தது.

ஒரு வேலையை எட்டுப் பேர் ஆறு நாளில் முடிக்கிறார்கள், பன்னிரண்டு பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள் என்று மாஸ்டர் கேட்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு கணக்குப் போட்டாள்.

“நாலு நாள்.”

மாஸ்டர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றும்படி கையால் சைகை காட்டினார். கழற்றினாள். கதவுக்கு வெளியே ஒரு மாநாடு நடந்துகொண்டிருந்தது.

“பன்னெண்டு பேர் வந்தா ஒம்போது நாள் ஆகும்,” என்றது ஒரு குரல். “ஆள் கூடினா பேச்சு கூடும்.”

“சாமான் நேரத்துக்கு வந்தா மூணே நாள்,” என்றது இன்னொன்று.

“நீங்க வந்தா ரெண்டு மாசம்,” என்றாள் கீழ் வீட்டுக்காரி. “ஒரு பாத்ரூம் இன்னும் முடியல.”

ஸ்டிக்கர் அக்கா ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மேல் வீட்டு வேலையாட்கள் இரண்டு பேர் படியில் உட்கார்ந்திருந்தார்கள். கீழ் வீட்டுக்காரி கைப்பிடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். கணவர் மட்டும் யாரோடும் சேராமல் சுவர்ப் பக்கம் திரும்பி, ரொட்டிக் கடை ரசீதின் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் ரசீதை மடக்கினார். மடக்குவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். நாலு என்று எழுதி வட்டம் போட்டிருந்தார். படித்த மனுஷன் படித்த மனுஷன்தான் என்று அந்த அவசரத்திலும் நினைத்துக்கொண்டாள்.

திரும்பி வந்து போன் முன்னால் தலை குனிந்து நின்றாள். யாரோ சொல்லிக்கொடுத்தார்கள் என்று எல்லா மதிப்பெண்ணும் போகப்போகிறது.

“பதினாலாம் நம்பர்,” என்றார் மாஸ்டர். “உங்க வாசல்ல மூணு பதில் கேட்டுது. மூணும் தப்பு. நீங்க சொன்னது சரி. அதனால யாரும் சொல்லிக் குடுக்கலைன்னு தெளிவாத் தெரியுது. முழு மார்க்.”

ஹால் டிக்கெட் வந்தது. முதல் பரீட்சையே கணக்கு. அன்று காலை அவள் எழுவதற்கு முன்பே கணவர் குளித்து, தேய்த்த சட்டை போட்டு, பையில் இரண்டு பேனாவோடு தயாராக இருந்தார். வேனை இன்றைக்கு வேறு ஆளிடம் விட்டுவிட்டேன், நானும் உன்னோடு வருகிறேன் என்றார். வயிற்றெரிச்சல்காரர் செய்கிற காரியமா இது? கீழ் வீட்டுக்காரி சொன்னதைப் பாதியாவது நம்பியதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜன்னலோர இருக்கையை அவருக்கு விட்டுக்கொடுத்தாள்.

பஸ்ஸில் அவர் இரண்டு முறை, உன்கிட்ட ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தார். இரண்டு முறையும் ஜன்னலுக்கு வெளியே பார்த்துவிட்டு, அப்புறம் சொல்கிறேன் என்றார். நெற்றி வேர்த்திருந்தது. பரீட்சை எனக்கு, பயம் இவருக்கு என்று அவள் சிரித்துக்கொண்டாள். முக்கோணத்துக்கு எவ்வளவு என்று அவரிடம் விளையாட்டாகக் கேட்டாள். நூற்று எண்பது என்று உடனே சொன்னார்.

பரீட்சை நடக்கும் பள்ளியின் வாசலில் ஒரு மேசை போட்டு, நரைத்த தலையோடு ஒரு அலுவலக அம்மா பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துணைக்கு வந்தவர்கள் எல்லாம் வெளியே நில்லுங்கள் என்று சொல்லிச் சொல்லி அவர் குரல் கட்டியிருந்தது. ஸ்டிக்கர் அக்கா தன் ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். அந்த அம்மா சரிபார்த்து ஒரு டிக் அடித்தார்.

கணவர் அவள் முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். நகர்கிற வழியாக இல்லை.

“இவர் என் வீட்டுக்காரர்ங்க. துணைக்கு வந்திருக்கார்,” என்றாள் அவள், கொஞ்சம் பெருமையாகவே. “வெளியவே நின்னுப்பார்.”

அந்த அம்மா பட்டியலிலிருந்து நிமிர்ந்து, கண்ணாடிக்கு மேலே அவரைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பாக மலர்ந்தது.

“வாங்க தம்பி. கணக்குக்கு இது ஏழாவது வருஷம் இல்ல? உங்க பெஞ்சு அதே இடத்துலதான் இருக்கு, உள்ள போங்க.”